சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ்: பெயரில் உள்ள விளையாட்டு கடிகாரத்துக்குள் இருக்கிறதா?

அண்ணா சாலையிலோ தியாகராய நகரிலோ உள்ள பெரிய கைக்கடிகாரக் கடை எதற்குள் நுழைந்தாலும், கண்ணாடி அலமாரிகளுக்கு மேலே மாட்டியிருக்கும் படங்களில் கடிகாரத்தைவிட விளையாட்டு வீரரின் முகம்தான் பெரிதாக இருக்கிறது. விலைச் சீட்டில் உள்ள தொகையில் ஒரு பகுதி அந்த முகத்துக்காகவும் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், ஒரு நிறுவனம் விளையாட்டோடு தனக்குள்ள உறவைச் சொல்லிக் கடிகாரத்தை விற்கும்போது, அந்த விளையாட்டிலிருந்து இந்தக் கடிகாரத்துக்குள் என்ன வந்து சேர்ந்திருக்கிறது என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. சென்னையின் வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் நான் கட்டிவரும் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் கடிகாரத்தை, 2019 இல் வெளிவந்த எஸ்ஆர்பிடி வரிசையைச் சேர்ந்த கறுப்பு டயல் மாடலை, இந்த ஒரு கேள்வியை வைத்தே மதிப்பிடுகிறேன்.

சீக்கோ ஃபைவ் என்ற பெயர் சென்னைக்குப் புதிதன்று. வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தில், வேலைக்குச் சேர்ந்த மகனுக்கும் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கும் வாங்கித் தரக்கூடிய நல்ல கடிகாரம் எச்.எம்.டி.தான், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961 இல் பெங்களூருவில் தொடங்கிய தயாரிப்பு அது. அதைத் தாண்டி ஆசைப்பட்டவர்கள், சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினரிடம் சொல்லி வைப்பார்கள். அப்படிச் சொல்லி வைக்க ஆளில்லாதவர்கள் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜாருக்குப் போவார்கள். தினமும் காலையில் எச்.எம்.டி. ஜனதாவுக்குச் சாவி கொடுத்துப் பழகியவர்களுக்கு, கை அசைந்தாலே தானாகச் சாவி ஏறிக்கொள்ளும் கடிகாரம் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. டயலில் கிழமையும் தேதியும் ஒரே சன்னலில் தெரிவதும், மழையில் நனைந்தாலும் கவலையில்லை என்பதும் அதற்கு மேல். இந்த ஊரில் அந்தக் கடிகாரத்துக்குக் கிடைத்த பெயர் விளம்பரத்தால் வந்ததன்று. கட்டியவர்கள் சொல்லிச் சொல்லியே பரவியது.

1881 இல் கின்டாரோ ஹட்டோரி டோக்கியோவில் கடிகாரக் கடை திறந்ததில் தொடங்கும் நிறுவனம் சீக்கோ. ஜப்பானின் முதல் கைக்கடிகாரமான லாரல் 1913 இல் அங்கிருந்துதான் வந்தது. ஸ்போர்ட்ஸ்மாட்டிக் 5 என்ற பெயரில் 1963 இல் வந்த கடிகாரமே இன்றைய வரிசைக்கு மூதாதை. பெயரில் உள்ள 5 என்பது வாங்குபவருக்கு நிறுவனம் கொடுத்த ஐந்து உறுதிகளைக் குறிக்கிறது: தானே சாவி ஏறும் இயந்திரம், ஒரே சன்னலில் கிழமையும் தேதியும், தண்ணீர் புகாமை, நேரத்தைத் திருத்தும் திருகைக் கையைக் குத்தாதபடி 4 மணிப் பக்கம் தள்ளி வைத்தது, எளிதில் தேயாத கூடும் செயினும். ஐந்தும் உடலை அசைத்து வாழ்பவருக்கான உறுதிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். நொடி பிசகாமல் ஓடும் என்ற உறுதி அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த ஆண்டு, 1964 இல், டோக்கியோ ஒலிம்பிக்கின் நேரக்கணிப்புப் பொறுப்பு சீக்கோவிடம் வந்தது. 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு 30 ஸ்டாப்வாட்சுகளோடு போன ஒமேகா முதலாக, அதுவரை சுவிஸ் நிறுவனங்களே கோலோச்சிய களம் அது. டோக்கியோ போட்டிகளுக்காகச் செய்த கருவிகளில், மின்சாரத்தால் அதிரும் படிகத்தைக் கொண்டு நேரத்தை அளக்கும், எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய குவார்ட்ஸ் கடிகாரமும் ஒன்று. அந்த ஆய்வின் தொடர்ச்சிதான் 1969 டிசம்பர் 25 அன்று விற்பனைக்கு வந்த அஸ்ட்ரான், உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். மாதத்துக்கு 5 நொடிக்கு மேல் பிசகாது என்று விற்கப்பட்ட அதன் அன்றைய விலை 4,50,000 யென். மைதானத்துக்காகச் செய்த ஒரு பொருள் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்த கதை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். இன்று செல் போட்டு ஓடும் எந்தச் சாதாரணக் கடிகாரத்தைக் கட்டியிருப்பவரும் அதன் பயனை அனுபவிக்கிறார்.

சீக்கோ அந்தக் களத்தை விட்டு விலகவும் இல்லை. 1978 முதல் 1990 வரை நான்கு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள், 1992 பார்சிலோனா ஒலிம்பிக், 1987 முதல் உலகத் தடகளச் சாம்பியன்ஷிப் என்று அதன் பங்கு நீளுகிறது. 2009 இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடியபோது அருகில் நின்ற மஞ்சள் நிற நேரப் பலகையில் சீக்கோவின் பெயர் இருந்தது. 2023 இல் புடாபெஸ்டில் நீரஜ் சோப்ரா 88.17 மீட்டர் எறிந்து உலகச் சாம்பியன் ஆன போட்டியிலும் அளவை சீக்கோவுடையதே. நூறில் ஒரு நொடி என்றால் என்ன என்பதை இந்தியர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடையோட்டத்தில் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடி நான்காவதாக வந்தார், வெண்கலம் 55.41 நொடிக்குப் போனது. அந்த இடைவெளியை நம்பும்படி அளந்து சொல்பவர்தான் நேரக்கணிப்பாளர் என்ற பெயருக்கு உரியவர்.

இத்தனை வரலாறும் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் விற்கும் இந்தக் கடிகாரத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், பதில் நேராக இருக்கிறது: துல்லியம் இல்லை, உறுதி இருக்கிறது. உள்ளே ஓடுவது 4ஆர்36 என்ற இயந்திரம். தேய்மானத்தைக் குறைக்கும் 24 கற்கள், மணிக்கு 21,600 துடிப்பு, முழுச் சாவியில் ஏறத்தாழ 41 மணி நேர ஓட்டம். ஒரு நாளைக்கு 45 நொடி வேகமாகவோ 35 நொடி தாமதமாகவோ ஓடலாம் என்று சீக்கோவே அறிவித்திருக்கிறது. பெரும்பாலானவை அதைவிட நன்றாகவே ஓடும் என்றாலும், நூறில் ஒரு நொடியை அளந்த நிறுவனத்தின் துல்லியத்தை இதில் எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாந்து போவார். ஆனால் அந்த ஐந்து உறுதிகள் அப்படியே இருக்கின்றன. பின்மூடி கண்ணாடியால் ஆனது என்பதால் அரைவட்டத் தகடான ரோட்டர் ஆடுவதைப் பார்க்கலாம். அது எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏறும்படி 1959 இல் சீக்கோ கண்டுபிடித்த மேஜிக் லீவர் என்ற எளிய அமைப்பே இன்றும் உள்ளே வேலை செய்கிறது. அதிர்ச்சியைத் தாங்கும் டயாஷாக் அமைப்பு அதைவிடவும் பழையது. பழைய 7எஸ்26 இயந்திரத்தில் இல்லாத இரண்டு வசதிகள் இதில் சேர்ந்திருக்கின்றன: திருகைக் கையால் சுழற்றியும் சாவி கொடுக்கலாம், திருகை வெளியே இழுத்தால் நொடி முள் நின்றுவிடும் என்பதால் நேரத்தைச் சரியாகத் திருத்தி வைக்கலாம்.

கையில் கட்டிப் பார்க்கும்போது முதலில் தெரியவருவது திருகின் இடம். மூன்று மணிப் பக்கம் திருகு உள்ள கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு தண்டால் எடுத்தாலோ மட்டையைப் பிடித்து மணிக்கட்டை மடக்கினாலோ அது புறங்கையில் அழுந்திச் சிவந்த தழும்பை விடும். இங்கே அது நான்கு மணிப் பக்கம், கூட்டின் குழிவுக்குள் பாதி அமர்ந்திருப்பதால் அப்படியொன்று நிகழ்வதே இல்லை. அடுத்தது பெசல். ஒரு பக்கமாக மட்டும் சுழலும் அந்த வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டு ஓடத் தொடங்கினால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைக் கணக்குப் போடாமலே படித்துக்கொள்ளலாம். எலியட்ஸ் கடற்கரையில் விடியுமுன் ஓடுபவர்களுக்கு இது கைப்பேசியைவிட வசதி. வியர்த்த விரலால் திரையைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இருட்டிலும் சிக்கல் இல்லை. நம் ஊரில் ரேடியம் என்று சொல்லும் அந்த ஒளிப்பூச்சு இப்போது கதிரியக்கமற்ற லூமிபிரைட். முள்களிலும் மணிக் குறிகளிலும் தாராளமாகப் பூசியிருப்பதால் விளக்கொளி பட்ட சிறிது நேரத்திலேயே பச்சையாக ஒளிரத் தொடங்கி, பின்னிரவில் விழித்துப் பார்க்கும்போதும் நேரம் தெரிகிறது.

சென்னையில் கடிகாரம் கட்டுபவர் வியர்வையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஏப்ரலில் தொடங்கும் புழுக்கத்தில் தோல் ஸ்ட்ராப் என்பது வீண் செலவு. உப்பேறி விறைத்து, நாற்றமெடுத்து, தையல் விட்டுவிடும். இந்த மாடலின் எஃகுச் செயின் அதைத் தாங்குகிறது. ஆனால் கண்ணிகளுக்கு இடையே வியர்வையும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் படிவதால், வாரம் ஒருமுறை மிருதுவான பல்துலக்கியால் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவுவது நல்லது. கடலில் இறங்கினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கோடை முழுவதும் 22 மில்லிமீட்டர் அகல நைலான் ஸ்ட்ராப்பை மாட்டிக்கொள்வதே என் பரிந்துரை. துவைத்துக் காயப்போட்டால் மறுநாள் புதிது போல் இருக்கும். விலையும் சில நூறு ரூபாய்தான்.

குறைகளும் உண்டு, அவற்றில் சில சிறியவை அல்ல. இந்த மாடலின் தோற்றம் 1996 முதல் சீக்கோ செய்துவந்த எஸ்கேஎக்ஸ் என்ற ஆழ்நீச்சல் கடிகாரத்திலிருந்து வந்தது. அதற்கு 200 மீட்டர் தரச்சான்றும் திருகி மூடும் திருகும் இருந்தன. இதற்கு இருப்பது 100 மீட்டர் தாங்குதிறனும் வெறுமனே அழுத்தி மூடும் திருகும். நீச்சல் குளத்துக்கும் கடற்குளியலுக்கும் இது போதும். காற்றுக்குடுவையோடு ஆழத்தில் இறங்குபவருக்குப் போதாது. சீக்கோவும் இதை ஆழ்நீச்சல் கடிகாரம் என்று எங்கும் சொல்லவில்லை என்பதால் அந்த நேர்மையை ஏற்றுக்கொள்கிறேன். தோற்றத்தைப் பார்த்து அப்படி நினைத்துக்கொண்டு வாங்குபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். கண்ணாடி சீக்கோவின் ஹார்ட்லெக்ஸ். உடைவது அரிது, ஆனால் சுவரில் உரசினால் கீறல் விழும். இதே விலையை ஒட்டிப் பல நிறுவனங்கள் சபையர் கண்ணாடி தரும் இந்நாளில் இது ஒரு பின்னடைவே. செயினின் கொக்கி மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது. கடிகாரத்தின் மற்ற பாகங்களின் தரத்துக்கு அது ஈடாகவில்லை. 42.5 மில்லிமீட்டர் அகலமும் 13 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிப்பும் மெல்லிய மணிக்கட்டுக்காரர்களுக்குச் சற்று மிகுதி. முழுக்கைச் சட்டையின் பொத்தான் அதன் மேல் எளிதில் ஏறாது. அத்தகையோர் அதே இயந்திரத்தோடு வரும் சிறிய 5 ஸ்போர்ட்ஸ் மாடல்களைப் பார்க்கலாம்.

இதே கேள்வியை மற்ற நிறுவனங்களிடமும் கேட்டால் பதில்கள் ஒன்றுபோல் இல்லை. இன்று டாக் ஹாயர் என்று அறியப்படும் ஹாயரின் பதில் மிக வலுவானது. 1916 இலேயே நூறில் ஒரு நொடியை அளக்கும் மைக்ரோகிராஃப் என்ற ஸ்டாப்வாட்சைச் செய்த நிறுவனம் அது. பந்தயக்காரர்கள் ஓட்டும்போதே ஒரு பார்வையில் படித்துக்கொள்ளும்படி தெளிவான டயலோடு 1963 இல் கரேராவைக் கொண்டுவந்தது. 1970களில் ஃபெராரி அணியின் சுற்று நேரங்களைத் தன் கருவிகளால் அளந்தது. நம் சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களிலும் வேகம் என்பது கையில் பிடித்த ஸ்டாப்வாட்சில்தான் தெரிந்தது. பந்தயக் கடிகாரங்களின் ஓரத்தில் காணும் டாக்கிமீட்டர் எண்களின் பயனும் அதுவே. ஒரு கிலோமீட்டரைக் கடக்க 45 நொடி ஆனால் முள் 80 இல் நிற்கும். அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் நேர்ச்சாலைப் பகுதியில் இதைத் தாங்களே அளந்து பார்க்கலாம். அந்த எண்கள் அலங்காரத்துக்காக அச்சிட்டவை அல்ல என்பது அப்போது விளங்கும். 1957 இல் வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரும் கார் பந்தயத்துக்காகச் செய்ததே. நிலவுக்குப் போனது பிற்பாடு.

ரோலெக்ஸ் 1978 முதல் விம்பிள்டனின் நேரக்காப்பாளர். ஆனால் அதன் உண்மையான விளையாட்டுச் சோதனை 1927 அக்டோபரில் நடந்தது. மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் கடுங்குளிரில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தியபோது கழுத்தில் தொங்கிய ஆய்ஸ்டர் கடிகாரத்துக்குள் தண்ணீர் புகவில்லை. அந்தத் தண்ணீர்க்காப்பு இன்றும் அதன் கூட்டில் இருக்கிறது. ஹப்லோ 1980 இல் தொடங்கியது. கால்பந்தில் அதன் பங்கு பெரும்பாலும் பெயர்ப்பலகையளவில் நிற்கிறது. எனினும் 2018 உலகக் கோப்பையில், பந்து கோல் கோட்டைத் தாண்டியதைத் தெரிவிக்கும் கடிகாரத்தை நடுவர்களின் கையில் கட்டியதை மறுக்கக் கூடாது. டிஸ்ஸோ 2001 முதல் மோட்டோஜிபி பந்தயங்களில் நேரம் அளந்துவருகிறது. பல்லாயிரம் ரூபாய்க்குள் சுவிஸ் கடிகாரம் தேடுபவருக்கு அதன் 80 மணி நேரம் ஓடும் இயந்திரம் சீக்கோவைவிட ஒரு படி மேலானது என்பதே என் கருத்து.

கிரிக்கெட்டின் கதை வேறு. பனராய் நிறுவனம் தோனியின் பெயரில் குறைந்த எண்ணிக்கையில் சிறப்புப் பதிப்புகளை வெளியிட்டபோது சேப்பாக்கத்து ரசிகர்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இயல்பானது. நானும் அந்த அன்பில் பங்குள்ளவன். ஆனால் பனராய் இத்தாலியக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்காகக் கருவி செய்து வளர்ந்த நிறுவனம். அதன் கடிகாரத்துக்குள் கிரிக்கெட் எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. சேர்க்கவும் வழியில்லை, ஏனென்றால் ஓவர் கணக்கில் நடக்கும் ஆட்டத்துக்கு நெடுங்காலம் கடிகாரத்தின் துணை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. 2023 உலகக் கோப்பையில் ஏஞ்சலோ மேத்யூஸ் இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராகாததால் ஆட்டமிழந்ததும், அதன்பின் ஓவர்களுக்கு இடையே 60 நொடிக் கடிகாரம் வந்ததும்தான் நிலையை மாற்றிவருகின்றன.

இந்தியாவோடு நெடுநாள் உறவுள்ள ஒரு பெயரையும் சொல்ல வேண்டும். 1737 இல் தொடங்கி 1865 இலேயே இந்தியச் சந்தைக்கு வந்த ஃபாவ்ரே லூபா, 1962 இல் உயரத்தைக் காட்டும் பிவாக் கடிகாரத்தையும் 1968 இல் கடலாழத்தைக் காட்டும் பாத்தி (Bathy) கடிகாரத்தையும் செய்தது. மலையேறுபவரும் முக்குளிப்பவரும் என்ன கேட்டார்களோ அதைக் கூட்டுக்குள் வைத்துக் கொடுத்த நிறுவனம் அது. நம் வீடுகளில் தாத்தாக்களின் பெட்டியில் இருக்கும் சீ கிங் அதன் தயாரிப்பே. 2011 இல் அதை வாங்கிய டைட்டன், தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் 1984 இல் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், ஒசூரில் ஆலை. பின்னர் ஃபாவ்ரே லூபா, கடிகார விற்பனை நிறுவனமான ஈத்தோஸுக்குக் கைமாறியது. டைட்டனுக்கென்று பெரிய விளையாட்டு மரபு கிடையாது, 3.5 மில்லிமீட்டர் தடிப்பில் எட்ஜ் என்ற கடிகாரத்தைச் செய்து காட்டிய நிறுவனத்துக்கு அது தேவையும் இல்லை.

வாங்குவதைப் பற்றி. 1849 முதல் இந்த நகரத்தின் கடிகார வணிகத்தில் இருக்கும், அண்ணா சாலையில் மணிக்கூண்டோடு நிற்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பழைய கடைகளும் பேரங்காடிகளில் உள்ள புதிய கடைகளும் சென்னையில் நிறையவே இருக்கின்றன. எங்கே வாங்கினாலும் இரண்டு மூன்று கடிகாரங்களை எடுத்து வைக்கச் சொல்லி, பெசலின் முக்கோணம் டயலின் 12 மணிக் குறிக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்து எடுப்பது நல்லது. உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். நான் விசாரித்த ஒரு கடையில், இதைக் கட்டிக்கொண்டு ஆழ்கடலில் முக்குளிக்கலாம் என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார்; அப்படிச் சொல்பவரிடம் பின்மூடியில் பொறித்துள்ளதைப் படித்துக் காட்டச் சொல்லலாம்.

இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய சீக்கோ 5 கடிகாரங்களில் பெரும்பாலானவை வேறு வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து, டயலுக்குப் புதுவண்ணம் பூசியவை. அந்த மாடலில் சீக்கோ விற்காத நிறமும், தடித்துப் பரவிய எழுத்தும் கண்டால் விலகிவிட வேண்டும். பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தையும் அடுத்தது மாதத்தையும் குறிக்கும். விற்பவர் சொல்லும் ஆண்டோடு அது பொருந்துகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

வாங்கிய பின் செய்ய வேண்டியவை அதிகமில்லை. இரவு 9 மணிக்கும் விடியற்காலைக்கும் இடையே தேதியைத் திருத்தக் கூடாது. அந்நேரத்தில் தேதி மாற்றும் பற்சக்கரம் பிடித்திருக்கும் என்பதால் உடைந்துவிடலாம். 31 நாள் இல்லாத மாதங்கள் முடியும்போது, ஆண்டுக்கு ஐந்து முறை, தேதியைக் கையால் தள்ளி வைக்க வேண்டும். இயந்திரத்தைச் சுத்தம் செய்து எண்ணெயிடும் வேலையைப் பாரிமுனைச் சந்துகளில் உள்ள அனுபவமுள்ள கடிகார மெக்கானிக்குகள் பலர் நியாயமான கூலிக்குச் செய்து தருகிறார்கள். ஆனால் பின்மூடியைத் திறந்த எந்தக் கடிகாரமும் ரப்பர் வளையத்தை மாற்றி அழுத்தச் சோதனை செய்யும்வரை தண்ணீருக்குப் பாதுகாப்பானதன்று. அந்தச் சோதனைக் கருவி தம்மிடம் இருக்கிறதா என்று கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், நீந்துபவர்கள் அந்த வேலையை அதிகாரபூர்வ சேவை மையத்திலேயே கொடுப்பது நல்லது.